மூலையில் மூன்று எழுத்துகள்

அத்தியாயம் பதினொன்று

வெள்ளிக்கிழமை காலை எட்டரை மணிக்கு, தன் அக்காளின் கணவனாக இருந்தவனுடைய வாழ்க்கை வரலாற்றை ஹப்சா ஏழாவது முறையாகப் படிக்கத் தொடங்கினாள்.

இணையக் கலைக்களஞ்சியத்தில் இருந்த கட்டுரை அது. தலைப்பு: 'சுஐப், இயங்குபடக் கலைஞர்'. நாற்பத்திரண்டு மேற்கோள்கள். பிறந்த ஊர் தியாகதுருகம் என்பதில் பிழையில்லை. படித்த கல்லூரியின் பெயரில் பிழையில்லை. ஒற்றெழுத்து ஒன்றுகூட விடுபடவில்லை. பொய்யை இவ்வளவு ஒழுங்காக அடுக்கிவைக்க முடியும் என்பதுதான் அவளுக்கு ஆத்திரத்தை மூட்டியது.

சென்ற வாரம் இந்தக் கட்டுரையை 'துருகம்கோட்டை' என்ற பெயர்கொண்ட ஒரு பயனர் சிறப்புக் கட்டுரைத் தகுதிக்கு முன்மொழிந்திருந்தார். தகுதி கிடைத்தால், ஒரு நாள் முழுவதும் அது களஞ்சியத்தின் முதற்பக்கத்தில் நிற்கும். மதிப்பிடும் பொறுப்பைத் தானே முன்வந்து ஏற்றவர் 'கோமுகி' என்னும் பயனர். பதினோராண்டுகளாக அங்கே உழைத்துவரும் கோமுகியின் மதிப்பீடு என்றால் எதிர்ப்பேச்சு எழுவதில்லை.

கோமுகி என்பவள் ஹப்சா என்பதும், கள்ளக்குறிச்சியில் ஜவுளிக் கடை வைத்திருக்கும் கலீலுல்லாவின் இளைய மகள் என்பதும் அங்கே ஒருவருக்கும் தெரியாது. உறவினரைப் பற்றிய கட்டுரையை மதிப்பிடலாகாது என்பது களஞ்சியத்தின் விதி. அந்த விதியை எழுதிய குழுவில் அவளும் ஒருத்தி.

விதியை மீறுகிறோம் என்று தெரிந்தேதான் மீறினாள். பழி தீர்க்க வேறு வாசல் அவளுக்குத் தெரியவில்லை.

சுஐபுக்குப் பெயர் தேடித் தந்தது 'மலையிறங்கும் மேகம்' என்னும் ஒன்பது நிமிடப் படம். கணினியில் செய்யாமல், தாள் தாளாகக் கையால் வரைந்து ஓடவிட்டது. கல்வராயன் மலையில் ஒரு பெண்ணின் ஒரு நாள், அவ்வளவுதான் கதை. வெளிநாடுகளில் மூன்று விருதுகள்.

கட்டுரை சொன்னது: 'படத்தின் ஐயாயிரத்து இருநூறு தாள்களையும் சுஐப் தனியொருவராகவே வரைந்தார். இதற்காக மூன்றாண்டுகள் மலைவாழ் மக்களோடு தங்கினார்.'

அந்தத் தாள்கள் அனைத்தையும் வரைந்தவள் ஷர்புன்னிசா. ஹப்சாவின் அக்காள். சென்னையில் வாடகை வீட்டின் சமையல் மேடைமேல் பலகையைச் சாய்த்துவைத்து வரைந்தாள். 2013இல் மணவிலக்கு வாங்கிக்கொண்டு ஊர் திரும்பியபோது அவள் கையில் இருந்தது ஒரு துணிப் பை. தாள்கள் அவனிடம் தங்கிவிட்டன. அதன்பின் அவள் பென்சிலைத் தொடவில்லை. கடையில் ரவிக்கைத் துணி கிழித்துக்கொடுக்கிறாள்.

மதிப்பீட்டுப் படிவத்தை ஹப்சா வரிசைப்படி நிரப்பினாள். மொழிநடை: நிறைவு. கட்டமைப்பு: நிறைவு. படங்கள்.

அங்கே நின்றாள்.

சிறப்புத் தகுதிக்குப் படங்கள் தேவை என்பதால், இதுவரை கண்காட்சிகளில் மட்டுமே வைத்திருந்த தாள்களில் மூன்றை நேற்றிரவுதான் முதன்முறையாகக் கட்டுரையில் ஏற்றியிருந்தார்கள். ஒரு பெண் உரலில் சாமை குத்துகிறாள். முதல் தாளில் உலக்கை எழுகிறது, இரண்டாவதில் உச்சியில் நிற்கிறது, மூன்றாவதில் இறங்குகிறது. ஒவ்வொன்றின் வலது மூலையிலும் பென்சிலால் மூன்று எழுத்துகள்.

க ழை ப. க ழை வ. க பொ ன்.

அதன் கீழே விளக்கம்: 'மூலையிலுள்ள எழுத்துகள், கல்வராயன் மலையிலுள்ள மேகம் அருவியின் ஓசைகளைக் கலைஞர் தம் மனப்போக்கில் குறித்தவை. இவையே அவருடைய கையொப்பம் என்பது திறனாய்வாளர் கருத்து.'

ஹப்சா இருமுறை படித்தாள். பிறகு எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள்.

ஜவுளிக் கடைகளில் துணியோடு தொங்கும் சீட்டில், விற்கும் விலை எண்ணில் இருக்கும். வாங்கிய விலை எழுத்தில் இருக்கும். பத்து எழுத்துகள் கொண்ட ஒரு சொற்றொடரை ஒவ்வொரு கடையும் தனக்கென்று வைத்துக்கொள்ளும். முதல் எழுத்து ஒன்று, இரண்டாம் எழுத்து இரண்டு, கடைசி எழுத்து சுழியம். கடைக்காரர் சீட்டைப் பார்த்ததும் எவ்வளவு குறைக்கலாம் என்று தெரிந்துகொள்வார். எதிரே நிற்பவருக்கு அது வெறும் கிறுக்கல்.

கலீலுல்லா கடையின் சொற்றொடரை வைத்தவர் அவருடைய பாட்டனார். 'கருணை மழை பொழிபவன்.' இறைவனை எண்ணி வைத்தது. மகன் இல்லாத வீட்டில் மகள்கள் இருவரும் பன்னிரண்டு வயது முதல் சீட்டு எழுதிப் பழகினார்கள். மருமகனுக்கு அதைச் சொல்லும் வழக்கம் அந்தக் குடும்பத்தில் இல்லை.

க ழை ப என்றால் நூற்றைம்பத்தெட்டு. அடுத்தது நூற்றைம்பத்தொன்பது. அடுத்தது நூற்றறுபது.

ஷர்புன்னிசா தான் வரைந்த தாள்களுக்கு, பழகிய கையின் வழக்கப்படி, கடை எழுத்தில் வரிசை எண் இட்டிருக்கிறாள். நான்காண்டுகள் உடனிருந்தவன், அது எண் என்பதையே அறியாமல், அதற்கு ஒரு விளக்கத்தைக் கட்டி நேர்காணலிலும் சொல்லியிருக்கிறான்.

ஹப்சா உரையாடல் பக்கத்தைத் திறந்து, ஒரு சொல்லும் அதிகமில்லாமல் எழுதினாள்:

'மூலையெழுத்துகளுக்கு வரிசையோ எண்மதிப்போ உண்டா? கலைஞரிடம் கேட்டு உறுதிப்படுத்த வேண்டுகிறேன். கோமுகி.'

காத்திருந்த நேரத்தில், அந்த மூன்று படங்களையும் சென்னையில் சினிமா பற்றி எழுதும் ஒருவருக்கு அனுப்பித் தொலைபேசியில் பேசினாள். நாற்பது நிமிடங்களில் துருகம்கோட்டையின் பதில் வந்தது.

'உறுதியாகச் சொல்கிறேன். எந்த வரிசையும் இல்லை, எண்மதிப்பும் இல்லை. அருவியின் முன் அமர்ந்து நான் கேட்ட ஓசைகள் அவை.'

ஒரு நிமிடத்தில் 'நான்' அழிந்து 'அவர்' ஆயிற்று. ஆனால் அந்தக் களஞ்சியத்தில் அழித்தது எதுவும் அழிவதில்லை. ஒவ்வொரு திருத்தத்தின் முந்தைய வடிவமும் நேரத்தோடு பதிவாகி நிற்கும். தன் வரலாற்றைச் சிறப்புத் தகுதிக்கு முன்மொழிந்தவன் தானேதான் என்பதையும் சுஐப் தன் கையாலேயே எழுதிக் கொடுத்துவிட்டான்.

ஹப்சா அந்தப் பக்கத்தைப் படமெடுத்து வைத்துக்கொண்டாள். பல நாள்களுக்குப் பிறகு அவளுக்குப் பசித்தது.

"இன்னாடி பண்ணிக்கினு கீற?" ஷர்புன்னிசா படியேறி வந்தாள். கடைக்கு மேல்மாடியில்தான் வீடு. "கீழ மணலூர்பேட்டைலேர்ந்து கல்யாணப் பார்ட்டி வந்து நிக்குது. அத்தா ஒத்தை ஆளா இழுத்துப் போட்டுகினு கீறாரு."

"ஒரு நிமிசம்க்கா. இத பாரு."

ஹப்சா திரையைத் திருப்பினாள். சுஐபின் பெயரை அக்காளிடம் அவள் எடுத்ததே இல்லை. இன்றும் எடுக்கவில்லை. படங்களை மட்டும் பெரிதாக்கிக் காட்டினாள்.

ஷர்புன்னிசா நின்றபடியே பார்த்தாள். அவள் அழுவாள் என்று எதிர்பார்த்த ஹப்சா, முன்கூட்டியே நாற்காலியைக் காலி செய்திருந்தாள்.

"நூத்தி அறுபதுல முழங்கை தப்பு" என்றாள் ஷர்புன்னிசா. "ஒலக்கை எறங்கறப்ப இன்னும் மடங்கணும். திருப்பிப் போடறேன்னு சொன்னேன். டைம் இல்லன்னுட்டாரு."

பிறகுதான் விளக்கத்தைப் படித்தாள்.

"அருவிச் சத்தமா?"

"ஆமா."

"எந்த அருவி? மேகம் அருவியா?" ஷர்புன்னிசா சிரிக்கத் தொடங்கினாள். "அடியே, இவுரு மலையே ஏறலடி! கச்சிராயபாளையம் தாண்டி மொத வளைவுலயே பஸ் ஜன்னல்ல தலைய வுட்டு வாந்தி எடுத்தாரு. கண்டக்டர் எறக்கி வுட்டுட்டாரு. நான்தான் தனியா போயி வெள்ளிமலையாண்ட காசியம்மாள் வூட்டுல மூணு மாசம் தங்கினேன். இது அந்தம்மா கைதான். அந்தம்மா மொத நாளு கேட்டுச்சு, 'ஏம்மா, நான் குத்துறத பாத்துகினே ஒக்காந்துகினு கீறியே, நீ ஒரு கை குத்தக் கூடாதா'ன்னு."

சிரிப்பு நின்றது. அவள் கண்களில் ஹப்சா இதுவரை பார்த்திராத ஒன்று குடியேறியது.

"நீ இன்னா செய்யப் போற?"

"தகுதி இல்லன்னு எழுதி எறக்கிடப் போறேன்."

"எறக்காத."

"ஏன்க்கா? இன்னும் பாசமா?"

"செருப்பு பிஞ்சிடும்." ஷர்புன்னிசா நாற்காலியில் அமர்ந்தாள். "நீ எறக்குனா யாருக்குத் தெரியும்? உன்னாட்டம் நாலு பேருக்கு. மொதப் பக்கத்துக்கு ஏத்து. அவுரு அம்மா, அக்கா, மாமன், மச்சான் எல்லாரும் போன்ல பாத்து ஊரெல்லாம் காட்டிகினு இருக்கணும். அன்னிக்கு சொல்லணும், அது அருவி இல்ல, நூத்தி அம்பத்தெட்டுன்னு. நான் துணிப் பையோட பஸ் ஸ்டாண்டுல எறங்குனப்ப ஊரே பாத்துச்சு. அவுரையும் பாக்கட்டும்."

"தப்புன்னு தெரிஞ்சுகினே பாஸ் போட என்னால ஆவாதுக்கா."

"சொந்தக்காரன்னு மறைச்சது மட்டும் ஆச்சா?"

கேள்வி சரியானது.

"நான் சொல்றதால ஒண்ணும் ஆவாது" என்றாள் ஹப்சா. "அங்க யாரும் தான் கண்டத, தனக்குத் தெரிஞ்சத எழுத முடியாது. அச்சுல வந்ததத்தான் எடுத்துப்பாங்க. உன் பேரு அந்தக் கட்டுரைல ஏறணும்னா மொதல்ல பேப்பர்ல வரணும். மணிமொழின்னு ஒருத்தவங்க, சென்னைல சினிமா பத்தி எழுதறவங்க. படத்த அனுப்பிப் பேசிட்டேன். போடறேங்குறாங்க. ஆனா ஒண்ணு கேக்குறாங்க."

"இன்னா?"

"இது எங்க கடை எழுத்து, இதான் அந்தப் பத்து எழுத்துன்னு கடைக்காரரே சொல்லணுமாம்."

இருவரும் படிக்கட்டைப் பார்த்தார்கள். கீழே கலீலுல்லா மணலூர்பேட்டைக்காரரிடம், "அதுக்கு மேல கம்மி பண்ணா எனக்கு கட்டுப்படி ஆவாதுங்க" என்று சத்தியம் செய்யும் குரலில் சொல்லிக்கொண்டிருந்தார்.

"தொழுதுட்டு வரட்டும்" என்றாள் ஷர்புன்னிசா.

ஜும்ஆத் தொழுகை முடிந்து இரண்டு மணிக்குக் கலீலுல்லா வந்தார். எழுபத்து நான்கு வயது. சோற்றில் கை வைக்கும்வரை மகள்கள் பேசவில்லை. வைத்தபின் ஹப்சா நடந்ததைத் தொடக்கத்திலிருந்து வரிசையாகச் சொன்னாள்.

அவர் கையை எடுத்துவிட்டார்.

"இன்னா பேசிக்கினு கீறீங்க ரெண்டு பேரும்? பேப்பர்ல போடறதா? நாளைக்கே சங்கராபுரத்துக்காரன் சீட்டப் பாத்துட்டு, 'இன்னா பாய், நானூத்தி பத்துக்கு வாங்கி எண்ணூறு சொல்றீங்க'ன்னு கேப்பான். நான் தாடியத் தடவிகினு நிக்கணுமா?"

"வேற எழுத்து வெச்சுக்கலாம் அத்தா."

"மூணு தலைமொறைம்மா! உங்கம்மாவுக்கே கல்யாணமாகி ஆறு வருசம் கழிச்சுத்தான் சொன்னேன்." ஷர்புன்னிசாவைப் பார்க்காமல் தொடர்ந்தார். "முடிஞ்சு போனத ஏன் தோண்டறீங்க? அந்தாளு எப்படியோ போறான். நம்ம வூட்டுப் பேரு எதுக்கு பேப்பர்ல நாறணும்?"

ஷர்புன்னிசா ரசத்தை எடுத்துவந்து அவர் பக்கத்தில் வைத்தாள்.

ஹப்சா கைப்பேசியை எடுத்து, கட்டுரையில் இருந்தபடியே வாசித்தாள். "'அருவியின் ஓசைகளைக் கலைஞர் தம் மனப்போக்கில் குறித்தவை.'"

"எத சொல்றான்?"

"நம்ம எழுத்தத்தான் அத்தா."

"எந்த எழுத்த?"

அவள் படத்தைப் பெரிதாக்கி நீட்டினாள். கலீலுல்லா கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டார். திரையை முகத்தருகே கொண்டுபோனார்.

"நூத்தி அம்பத்தெட்டு" என்றார். "நூத்தி அம்பத்தொம்பது."

மூன்றாவதை அவர் படிக்கவில்லை.

"மனப்போக்கா?" என்றார். "என் பாட்டனாரு கைகால் கழுவி ஒளு செஞ்சுகினு ஒக்காந்து, ரப்போட ரஹ்மத்த, அவன் கருணைய நெனச்சு வெச்ச வார்த்தை. அத இந்தப் பய தண்ணி கொட்டற சத்தம்னு சொல்லிகினு திரியறானா? எத்தினி வருசமா?"

"படம் வந்ததுலேர்ந்து அத்தா. பன்னெண்டு வருசமாச்சு."

மகளின் உழைப்பு பறிபோன செய்திக்கு எழாத மனிதர், இதற்கு எழுந்துவிட்டார். ஷர்புன்னிசா அதைக் கவனித்தாள். தட்டை எடுத்து மூடி வைத்தாள்.

கலீலுல்லா கீழே இறங்கிக் கடையின் ஷட்டரைப் பாதியளவு இறக்கினார். கல்லாவிலிருந்த கத்தரிக்கோலை எடுத்து, முதல் அலமாரியின் முதல் சேலையிலிருந்து சீட்டை வெட்டினார். பிறகு அடுத்தது.

"இன்னிக்கு யாவாரம் இல்ல. ரெண்டு பேரும் வந்து வெட்டுங்க."

மூவரும் வெட்டினார்கள். சேலை, ரவிக்கைத் துணி, வேட்டி, தாவணி. கதவருகே குனிந்து எட்டிப்பார்த்த வாடிக்கையாளர்களிடம், "ஸ்டாக் எடுக்கறோம்ங்க, நாளைக்கு வாங்க" என்று ஹப்சா சொல்லிக்கொண்டிருந்தாள். நான்கு மணிக்கு மூன்று அட்டைப் பெட்டிகள் சீட்டுகளால் நிறைந்திருந்தன.

மாலை அஸர் தொழுத கையோடு கலீலுல்லா தாமே மணிமொழியை அழைத்தார்.

"கள்ளக்குறிச்சிலேர்ந்து கலீலுல்லா பேசறேங்கம்மா. ஜவுளிக் கடை. பேனா கீதா? எழுதிக்குங்க. மொத எழுத்து, க. அது ஒண்ணு. ரெண்டாவது, ரு."

பத்து எழுத்தையும் அவர் சொல்லி முடித்தபோது அவருடைய குரல் ஓரிடத்திலும் தடுக்கவில்லை. அந்தத் தாள்களை வரைந்தவள் தம் மகள் என்றும், தேவையானால் பழைய சீட்டுகளைப் பெட்டியோடு அனுப்புவதாகவும் சொன்னார்.

ஹப்சா மாடிக்குப் போனாள். தன் பங்குக்கு ஒன்று மீதி இருந்தது. அக்காளின் கேள்வி காலையிலிருந்து அவளைக் குத்திக்கொண்டிருந்தது.

'இக்கட்டுரைக்குரியவர் என் தமக்கையின் முன்னாள் கணவர். முதல் நாளே தெரிவித்திருக்க வேண்டும். மறைத்தது என் தவறு. மதிப்பீட்டிலிருந்து விலகுகிறேன். நான் கேட்ட கேள்வியும் பெற்ற பதிலும் இப்பக்கத்தில் உள்ளன; அடுத்து மதிப்பிடுபவர் அவற்றைக் காண்க. கோமுகி.'

பத்து நிமிடங்களில் மற்றொரு பயனர், கோமுகியின் மதிப்பிடும் உரிமையைப் பறிக்க வேண்டும் என்று எழுதினார். இருவர் அதை வழிமொழிந்தார்கள். பதினோராண்டுப் பெயர் போவதை ஹப்சா கண்கொட்டாமல் படித்தாள். அவர்கள் இடத்தில் இருந்திருந்தால் அவளும் அதையேதான் எழுதியிருப்பாள். சுஐப் பெயர் நாளை அச்சில் கிழியும் என்றால் இது கொடுக்கத்தக்க விலைதான் என்று எண்ணிக்கொண்டாள்.

ஐந்தே காலுக்குத் துருகம்கோட்டை மீண்டும் எழுதினான். விளக்கமில்லை, வசையுமில்லை. ஒரே ஒரு படம்.

முத்திரைத் தாள். 2013 ஆகஸ்டு. 'கலீலுல்லா மகள் ஷர்புன்னிசாவாகிய நான், மலையிறங்கும் மேகம் என்னும் படத்தின் தாள்களில் ஒன்றையும் வரையவில்லை என்றும், அவை அனைத்தும் என் கணவர் சுஐபின் கைவேலையே என்றும், என் முழுச் சம்மதத்துடன் எழுதிக்கொடுக்கிறேன்.'

கீழே ஷர்புன்னிசாவின் கையெழுத்து.

"அத்தா! அக்கா!"

இருவரும் மேலே வந்தார்கள். கலீலுல்லா மூச்சிரைக்க நின்றார். ஹப்சா அவருக்காக உரக்கப் படித்தாள்.

"பொய்க் கையெழுத்தா?" என்றார் கலீலுல்லா.

"என்னோடதுதான்" என்றாள் ஷர்புன்னிசா.

"எப்ப போட்ட? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே! இப்பத்தான பேப்பர்க்காரம்மாகிட்ட எம்மவதான் வரைஞ்சான்னு சொன்னேன். கடை எழுத்தையே அவுத்துக் கொடுத்துட்டு ஒக்காந்துகினு கீறேன். நீ எழுதிக் கொடுத்துட்டு வந்தியா?"

"இன்னும் கொஞ்சம் கீழ எறக்கு ஹப்சா."

ஹப்சா படத்தை நகர்த்தினாள். 'சாட்சி' என்ற சொல்லின் அருகே இன்னொரு கையெழுத்து. அதன்மேல் நீல மையில் கடையின் ரப்பர் முத்திரை.

கலீலுல்லா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். துடைத்தபின்னும் அது அவருடைய கையெழுத்தாகவே இருந்தது.

"பள்ளிவாசல் ஜமாத் ஆபீஸ்ல" என்றாள் ஷர்புன்னிசா. குரலை உயர்த்தவில்லை. "இதுல கையெழுத்து போட்டாத்தான் குலாவுக்கு ஒத்துகினு என்னப் பிரிச்சு வுடுவேன்னாரு அவுரு. நான் முழுசா படிச்சேன். படிச்சுட்டு உங்க மூஞ்சியப் பாத்தேன். நீங்க படிக்கவே இல்ல. ரம்ஜான் யாவாரம். 'போட்டுட்டு சீக்கிரம் வாம்மா, கடைல கூட்டம் கீது'ன்னு சொல்லி, நீங்களும் போட்டு, பைலேர்ந்து சீல எடுத்துக் குத்துனீங்க."

"நான்... அது மஹருப் பணம் பத்தின பேப்பர்னு நெனச்சேன்மா."

"ஆமா. நெனச்சீங்க."

"இத்தினி வருசத்துல ஒரு நாளாவது சொல்லியிருக்கலாமே."

"நீங்க ஒரு நாளாவது கேட்டிருக்கலாமே."

ஹப்சாவின் கைப்பேசி ஒலித்தது. மணிமொழி. ஷர்புன்னிசா தங்கையிடமிருந்து அதை வாங்கி, மூவருக்கும் கேட்கும்படி மேசைமேல் வைத்தாள்.

"சுஐப்கிட்டயும் கேட்டேன், எனக்கு ஒரு பத்திரம் அனுப்பியிருக்காருங்க" என்றது மணிமொழியின் குரல். "அதுல உங்கப்பாவே சாட்சிக் கையெழுத்து போட்டிருக்காரு. இப்போ வேற மாதிரி சொல்றாரு. எதை நம்பறதுன்னு தெரியல. அரை மணியில நான் கட்டுரையை முடிக்கணும். அன்னைக்கு அந்த ரூமுல என்ன நடந்துச்சு, அவர் எதைப் படிக்காம கையெழுத்து போட்டாரு, அவர் வாயாலயே சொல்வாரா? அவர் பேரு போட்டுத்தான் வரும். இல்லேன்னா என்னால இதைப் போட முடியாது."

ஊரில் தம் சொல்லுக்கு மறுசொல் இல்லை என்று ஐம்பதாண்டுகள் வாழ்ந்த மனிதர், கடைக்கு இறங்கும் படிக்கட்டைப் பார்த்தார்.

ஷர்புன்னிசா கைப்பேசியை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"பேசுங்க அத்தா. இன்னிக்குக் கடைல கூட்டம் இல்ல."